பைனஸ் மலைகளும் கடதாசிப் பஞ்சமும்

2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வினாத்தாள் அச்சிடக் கடதாசியும் இல்லை, மையும் இல்லை. இரண்டையும் இறக்குமதி செய்ய நாட்டிடம் டொலரும் இல்லை. அதே மாதத்தில் 'தி ஐலன்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்கள் அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் அச்சுப் பதிப்பை இடைநிறுத்த நேர்ந்தது. செய்திகள் கொழும்பைப் பற்றியே பேசின. ஆனால் அப்பியாசக் கொப்பியின் விலையேற்றம் கடுமையாகத் தாக்கிய இடங்களில் ஒன்று மலையகம். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் லயத்து வீட்டில், கொப்பி வாங்கும் காசு அரிசி வாங்கும் காசிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

அட்டனிலிருந்து நுவரெலியா போகும் வழியில் பஸ் யன்னலோரம் அமர்ந்திருப்பவருக்குத் தேயிலைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது மரம்தான். சரிவுகளில் வரிசையாக நிற்கும் பைனஸ், தோட்ட எல்லைகளில் யூகலிப்டஸ். உலகின் கடதாசிக் கூழில் பெரும்பகுதி இந்த இரண்டு இனங்களிலிருந்தும் அவற்றின் உறவு மரங்களிலிருந்தும்தான் வருகிறது. அப்படியானால் இந்த மலைகளிலேயே ஓர் ஆலை ஏன் இல்லை என்ற கேள்வி இயல்பாக எழும். அதற்குச் சரியான விடை காண, இலங்கையின் கடதாசித் தொழில் எங்கே தொடங்கி எப்படி விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

வாழைச்சேனையின் பிறப்பு

சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் 1948இல் சேர்ந்த ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில், மீன்பிடித்துறை அமைச்சரானார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஆகிய மூன்றும் தமிழர் நினைவில் அவர் பெயரோடு சேர்ந்தே நிற்கின்றன. வாழைச்சேனை ஆலை 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. தரிசில் தானாக வளரும் இலுக்குப் புல்தான் முதலில் அதன் மூலப்பொருள்; பின்னர் அந்த இடத்துக்கு நெல் வைக்கோல் வந்தது. இறக்குமதித் தாளை நம்பியிருந்த ஒரு நாடு, தன் நிலத்தின் புல்லிலிருந்தும் வயலின் மிச்சத்திலிருந்தும் எழுதுதாள் செய்ய முனைந்தது பெருமைக்குரிய முயற்சி.

மலையகத் தமிழருக்கோ அந்த ஆண்டுகளுக்கு வேறொரு முகமும் உண்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றிருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இல் தொடர்ந்து வந்த சட்டங்களும் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தை அமைச்சராக இருந்த பொன்னம்பலம் ஆதரித்தார். அவர் அரசில் இணைந்ததை ஏற்காத கட்சிச் சகா செல்வநாயகம் பிரிந்து சென்று அதே ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கிழக்கில் ஆலைக்கு வழி பிறந்த அதே காலத்தில், மலையகத்தில் பல இலட்சம் மக்கள் தாங்கள் இந்த நாட்டவர் என்று நிரூபிக்கும் பத்திரங்களைத் தேடி அலைந்தார்கள். தொழில்மயமாக்கலின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். எந்தத் தொழில் எங்கே வரும், யாருக்காக வரும் என்று முடிவெடுத்த அவையில் 1952க்குப் பின் நீண்ட காலம் தோட்ட மக்கள் தேர்ந்தெடுத்த குரல் இருக்கவில்லை.

வைக்கோலும் கருந்திரவமும்

1970களின் இறுதியில் தெற்கே எம்பிலிப்பிட்டியவில் இரண்டாவது ஆலை வந்தது. வளவை நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்கள் அதற்கு வைக்கோல் தரும் என்பது கணக்கு. சில தசாப்தங்களுக்குள் இரண்டு ஆலைகளும் நொடித்தன. வாழைச்சேனைக்குப் போர் பெரும் அடி கொடுத்தது. அரச நிர்வாகத்தின் கோளாறுகளும், தாராள இறக்குமதியில் வந்த மலிவான தாளின் போட்டியும் சேர்ந்துகொண்டன. இவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். ஆனால் மூலப்பொருளுக்குள்ளேயே இருந்த காரணம் அதிகம் பேசப்படவில்லை.

தாவர உடலில் செலுலோசு நார்களை லிக்னின் என்ற பொருள் இறுக்கிப் பிணைத்து வைத்திருக்கிறது. எரிசோடா போன்ற காரத்தில் உயர் வெப்பத்தில் அவித்து, லிக்னினைக் கரைத்து வெளியேற்றினால் மிஞ்சும் நாரே கூழ். கரைந்த லிக்னினும் செலவான காரமும் கலந்த கழிவைக் கருந்திரவம் என்பார்கள். மரக்கூழ் ஆலைகள் அதைச் சுண்டவைத்து, பெரிய கொதிகலனில் எரித்து, காரத்தை மீட்டெடுத்து, கூடவே நீராவியையும் மின்சாரத்தையும் பெற்றுக்கொள்கின்றன. நவீனக் கூழ் ஆலையின் பொருளாதாரமே இந்த மீட்பில்தான் தங்கியிருக்கிறது.

நெல் வைக்கோலில் இது எளிதாக நடப்பதில்லை. அதன் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் சிலிக்கா. மரத்தில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. சிலிக்கா கருந்திரவத்தில் கரைந்து, சுண்டவைக்கும் குழாய்களில் கல்லாகப் படிந்து அடைத்துவிடும். மீட்புக் கொதிகலன் வைக்கச் சிறிய ஆலைக்கு முதலும் போதாது. ஆகவே மீட்கப்படாத கருந்திரவம் வெளியே போகும், ஒவ்வொரு முறையும் புதிய காரம் வாங்க வேண்டும், ஆறு கறுக்கும். எம்பிலிப்பிட்டிய ஆலையின் கழிவு வளவை கங்கையிலும், வாழைச்சேனை ஆலையின் கழிவு அங்குள்ள களப்பிலும் கலந்தது சூழலியலாளர் பதிவு செய்த உண்மை. இது இலங்கையில் மட்டும் நடந்ததும் அல்ல. சீனா 1996இல் ஹுவாய் ஆற்றுப் படுகையிலிருந்த சிறிய வைக்கோல் கூழ் ஆலைகளை மொத்தமாக மூட உத்தரவிட்டது இதே காரணத்துக்காகத்தான்.

வளவை கங்கை ஊற்றெடுப்பது ஹோர்ட்டன் சமவெளியில், நுவரெலியா மாவட்டத்தில். மேலே தெளிந்து புறப்பட்ட நீர் கீழே கருந்திரவத்தோடு கலந்த வரலாறு நம்மிடம் இருக்கிறது. அதே ஆலையை ஊற்றுக்கு அருகிலேயே வைத்தால் என்னவாகும் என்பதைத்தான் அடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பைனஸ் ஏன் கூழாகவில்லை

மலையகச் சரிவுகளில் பைனஸ் பெருமளவில் நடப்பட்டது 1970, 80களில். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களும் புல்வெளிகளும் மண்ணரிப்புக்கு இரையாகிக்கொண்டிருந்த காலம் அது. மகாவலியின் நீர்த்தேக்கங்களில் சேறு படியாமல் தடுக்க வேண்டியிருந்தது. வேறு எதுவும் எளிதில் பிடிக்காத வறண்ட மண்ணிலும் கரீபியன் பைனஸ் வேர் பிடித்தது. மண்ணைக் காப்பதோடு ஒரு நாள் மரமாகவும் கூழாகவும் பயன்தரும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. நடைமுறையில் அதிலிருந்து கிடைத்தது பலகையும், தண்டைக் கீறி எடுக்கும் பிசினும்தான். அந்தப் பிசினிலிருந்து வரும் ரோசின், தாளில் மை ஊறிப் படராமல் இருக்கக் கூழோடு சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று. கடதாசித் தொழிலோடு நம் பைனஸுக்கு இருக்கும் உறவு பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிட்டது.

நாரின் தரம் இதற்குக் காரணம் அல்ல. பைனஸ் நாரின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். யூகலிப்டஸ், வைக்கோல் நார்கள் சுமார் 1 மில்லிமீற்றர். நீண்ட நார் தாளுக்கு வலிமை தரும், குறுகிய நார் வழவழப்புத் தரும். நல்ல தாளுக்கு இரண்டும் வேண்டும், மலையகத்தில் இரண்டும் உண்டு. தடை அளவில் இருக்கிறது. இரசாயன முறையில் 1 தொன் கூழுக்கு ஏறத்தாழ 2 தொன் உலர்ந்த மரம் தேவை. இன்று உலகச் சந்தையில் போட்டியிடும் கூழ் ஆலைகள் ஆண்டுக்கு 10 இலட்சம் தொன்னுக்கும் மேல் உற்பத்தி செய்கின்றன. பிரேசிலில் 2024இல் இயங்கத் தொடங்கிய ஒரே ஆலையின் கொள்திறன் 25 இலட்சம் தொன்னைத் தாண்டும். அதற்கு வேண்டிய யூகலிப்டஸ் சமதளத்தில், இயந்திரம் ஓடக்கூடிய நிலத்தில் வளர்கிறது. செங்குத்துச் சரிவுகளில் துண்டு துண்டாகச் சிதறி நிற்கும் நம் மரங்களை வைத்து அந்த ஆலைகளோடு விலையில் போட்டியிட முடியாது. சிறிய அளவில் செய்தால் மீட்புக் கொதிகலன் கட்டுப்படியாகாது. எம்பிலிப்பிட்டியவின் கதை மலைமேல் திரும்ப நடக்கும்.

மரத்துக்கு வேறு உரிமையாளர்களும் இருக்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் விறகுதான் வெப்பம் தருகிறது. 1992க்குப் பின் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பெருந்தோட்டக் கம்பனிகள் யூகலிப்டஸ் வளர்ப்பதன் முக்கிய நோக்கங்களில் விறகும் ஒன்று. லயத்து அடுப்புகள் பலவும் இன்னும் விறகில்தான் எரிகின்றன. ஒரு கூழ் ஆலை மரத்துக்கு விலை வைக்கத் தொடங்கினால் முதலில் விறகு இழப்பவள், மலையில் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் சுள்ளி பொறுக்கி வீடு திரும்பும் பெண்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் இருக்கிறது. அட்டனைச் சுற்றிப் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயாவாகவும் மஸ்கெலி ஓயாவாகவும் ஓடி, காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்பி, லக்சபான மின்நிலையங்களைச் சுழற்றி, களனி கங்கையாகி, அம்பத்தலையில் கொழும்பின் குடிநீராகிறது. நுவரெலியாப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியைச் சேர்ந்து வடமத்திய வயல்கள் வரை போகிறது. இந்த மலை நாட்டின் தண்ணீர்க் கூரை. கூழ் ஆலைக்கு இதைவிடப் பொருந்தாத இடம் இலங்கையில் இல்லை.

நீலகிரி சொல்லும் பாடம்

இதை ஊகமாக எண்ண வேண்டியதில்லை. இன்னொரு தேயிலை மலையில் நடந்து முடிந்திருக்கிறது. நீலகிரியின் சோலைப் புல்வெளிகளில் யூகலிப்டஸும் வாட்டிலும் ஆலைத் தேவைக்காகப் பரவலாக நடப்பட்டன. மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே சிறுமுகையில் இருந்த சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை அந்த மரத்தைக் கூழாக்கிச் செயற்கைப் பட்டு நூல் செய்தது. கழிவு பவானி ஆற்றில் கலந்தது. விவசாயிகளும் மீனவர்களும் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள், வழக்குகள் நடந்தன, 2000களின் தொடக்கத்தில் ஆலை மூடிக்கிடந்தது. ஆலை போன பின்பும் வாட்டில் போகவில்லை. புல்வெளியை விழுங்கிய அந்த அந்நிய மரத்தை அகற்றத் தமிழகம் இன்றும் பாடுபடுகிறது.

அந்த மலையில் நம்மவர்களும் வாழ்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுக்காகவே தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் உருவாக்கப்பட்டன. கடல் கடந்தும் அவர்கள் சென்று சேர்ந்தது இன்னொரு தேயிலைச் சரிவில், கூழுக்காக நடப்பட்ட காடுகளின் பக்கத்தில். இரண்டு மலைகளின் அனுபவத்தையும் ஒரே சமூகம் சுமந்திருக்கிறது.

தமிழகத்திலேயே மாற்று வழியும் இருக்கிறது. 1979இல் நிறுவப்பட்டு 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு வளர்ந்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளையோ நீராவியையோ கொடுத்து, சக்கையைத் தான் பெற்றுக்கொண்டது அந்த நிறுவனம். மூலப்பொருள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. சக்கையில் சிலிக்கா வைக்கோலைவிடக் குறைவு. காரத்தை மீட்கக்கூடிய அளவில் ஆலை கட்டப்பட்டது. மரமல்லாத நாரில் வெற்றிபெற இந்த மூன்றும் சேர வேண்டும். காவிரியிலிருந்து அது எடுக்கும் நீரின் அளவு சிறியதல்ல என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நம் வைக்கோல் ஆலைகளுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட முழுமையாக அமையவில்லை.

தேயிலை தின்னும் தாள்

ஆலை இல்லாத மலையகம் தாளின் பெரிய நுகர்வோர். ஒரு காலத்தில் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில், உள்ளே ஈயத்தகடோ அலுமினியத்தகடோ வைத்து ஏற்றுமதியானது. உள்நாட்டு ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகத் தென்மேற்கு மழைக்காடுகள் விலை கொடுத்தன. சிங்கராஜவில் 1970களில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டியது ஒட்டுப்பலகை ஆலைக்காகவே. மக்கள் எதிர்ப்பால் அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் அது நிறுத்தப்பட்டது. பின்னர் பெட்டிகளின் இடத்தைப் பல அடுக்குக் கடதாசிச் சாக்குகள் பிடித்தன. தேயிலைச் சாக்குக்கென்றே சர்வதேசத் தர விதி 1994இல் வெளிவந்தது. இன்று கொழும்பு ஏலத்துக்கு இறங்கும் தேயிலை பெரும்பாலும் இந்தச் சாக்குகளில்தான் போகிறது. தூக்கி எறிந்தாலும் கிழியாத அந்தப் பழுப்புத் தாளுக்கு நீண்ட நார்க் கூழ் வேண்டும். அது குளிர்நாடுகளின் ஊசியிலைக் காடுகளிலிருந்து வருகிறது.

தேயிலைப் பையின் வடிதாள் இன்னும் நுட்பமானது. கொதிநீரில் கிழியாமலும் சுவை மாற்றாமலும் இருக்க வாழையின் இனமான அபாகாவின் நார் அதில் சேர்க்கப்படுகிறது. உலகின் அபாகாவில் பெரும்பங்கு பிலிப்பைன்சில் விளைகிறது. பெட்டி, மட்டை, உறை, நூல் முனைச் சீட்டு என்று ஒரு தேயிலைப் பையைச் சுற்றிப் பலவகைத் தாள்கள் இருக்கின்றன. 'பெறுமதி சேர்த்த தேயிலை' என்று நாம் பெருமையோடு சொல்லும்போது, அந்தப் பெறுமதியில் ஒரு பகுதி இறக்குமதித் தாளுக்காக மீண்டும் வெளியே போய்விடுகிறது. ஏற்றுமதி வருமானத்தைக் கணக்கிடுபவர்கள் இதைக் கழித்துக் காட்டுவது அரிது. தொழிலாளியின் கூலி உயர்ந்தால் தொழில் தாங்காது என்று வாதிடும் நாட்டில், பொதியல் செலவின் டொலர்க் கணக்கும் அதே மேசையில் வைக்கப்பட வேண்டும்.

தோட்டத்தின் ஏடுகள்

தோட்ட மக்களுக்கும் தாளுக்கும் உள்ள உறவு நெடுங்காலம் அதிகாரத்தின் கையில்தான் இருந்தது. கங்காணியும் அவர் ஆட்களும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், எவ்வளவு கட்டினால் விடுவிக்கப்படுவார்கள் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அதை வைத்தே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மனிதர்கள் கைமாறினார்கள். 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. செக்ரோல் எனும் வரவுப் பதிவேட்டில் பேர் விழுந்தால் சம்பளம், கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கு இன்றும் பேச்சில் இருக்கிறது.

அந்தத் தாளைத் தொழிலாளியின் பக்கம் திருப்பியவர் கோ. நடேசய்யர். 1920களில் 'தேசபக்தன்' இதழை நடத்தினார். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். துண்டுப் பிரசுரமும் பாட்டுப் புத்தகமும் அவரும் மனைவி மீனாட்சி அம்மையாரும் கையாண்ட ஆயுதங்கள். அன்றிலிருந்து மலையகத்தின் ஒவ்வொரு முன்னேற்றத்திலும் அச்சடித்த தாளுக்குப் பங்கு உண்டு. 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகள் பரவலாக அரசின் கைக்கு வந்ததும், 1980இல் இலவசப் பாடநூல் திட்டம் தொடங்கியதும் சேர்ந்து ஒரு தலைமுறையை எழுத வைத்தன. 2022 நெருக்கடிக்குப் பின் பாடநூல் அச்சிடும் தாளுக்கே இந்தியக் கடனுதவி தேவைப்பட்டது. கையடக்கத் தொலைபேசியில் படிக்கலாம் என்பது கொழும்பின் பதில். சமிக்ஞை எட்டாத பிரிவுகளில், ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில், கொப்பிக்கு மாற்று இல்லை.

செய்ய வேண்டியது

உலகின் தாள் உற்பத்தி ஆண்டுக்கு 40 கோடி தொன் அளவில் இருக்கிறது. செய்தித்தாளுக்கான தேவை சுருங்குகிறது, பொதியல் தாளின் தேவை பெருகுகிறது. பயன்படுத்திய தாளின் நாரை ஐந்து முதல் ஏழு தடவை வரை திரும்பக் கூழாக்கலாம். அதற்குக் கருந்திரவம் பிறக்கும் அவிப்பு தேவையில்லை. வாழைச்சேனையில் கழிவுத்தாளைக் கொண்டு இயந்திரத்தை மீண்டும் ஓட்ட அண்மைய ஆண்டுகளில் நடந்த முயற்சிகள் சரியான திசையில் வைத்த அடிகள். இருபது இலட்சம் மக்கள் வாழும் சிறு தீவாக இருந்திருந்தால் இதுவும் கடினம். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டில் கழிவுத்தாள் உண்மையான மூலவளம். அலுவலகங்களும் அச்சகங்களும் கடைகளும் கழிக்கும் தாளைத் தரம் பிரித்துச் சேகரிக்கும் ஏற்பாடுதான் முதல் ஆலை. மலையகத்தில் அதன் ஒரு கண்ணியை அமைக்கலாம்: தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய சாக்கு, நகரங்களின் அட்டைப்பெட்டி, பாடசாலைகளின் எழுதித் தீர்ந்த கொப்பி இவற்றை வாங்கிக் கட்டி அனுப்பும் கூட்டுறவு நிலையங்கள். பல பேருக்கு வேலை தரும், ஓடைகளைக் கெடுக்காது.

பைனஸ் காடுகளுக்கு வேறு வேலை இருக்கிறது. 1991இலிருந்து சிங்கராஜவின் எல்லையில் பைனஸ் தோப்பைச் சிறு இடைவெளிகளாக வெட்டி, அதன் நிழலில் உள்நாட்டு மழைக்காட்டு மரங்களை வளர்த்துக் காட்டினார்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி குணதிலக்கவும் நிமல் குணதிலக்கவும் அவர்களோடு உழைத்த வெளிநாட்டு ஆய்வாளர்களும். அந்த முறையை உயர்மலைக்கு ஏற்ற இனங்களோடு இங்கும் விரிவாக்கினால் பைனஸ் தன் கடமையை முடித்து, நீர் காக்கும் காட்டுக்கு இடம்விடும். அப்போது வெட்டப்படும் மரம் முதலில் லயத்து வீடுகளின் கூரைக்கும் கதவுக்கும், தொழிற்சாலை உலைக்கும் போகட்டும்.

மூன்றாவதாக, பாடநூலுக்கும் கொப்பிக்கும் வேண்டிய தாளை மருந்தைப் போல அத்தியாவசியப் பொருளாக அரசு வகைப்படுத்த வேண்டும். ஓராண்டுத் தேவைக்குரிய இருப்பு எப்போதும் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். டொலர் அருகும் நாளில் எந்தத் தாள் முதலில் இறக்கப்படும் என்ற வரிசையில் பாடசாலைத் தாள் முன்னணியில் நிற்க வேண்டும். தேயிலை ஏற்றுமதியாளருக்குப் பொதியல் தாளை முன்னுரிமையோடு இறக்க வழி செய்யும் நாடு, அந்தத் தேயிலையைப் பறித்தவரின் பிள்ளைக்கு அதே முன்னுரிமையைத் தருவது சலுகை ஆகாது. டொலரை ஈட்டித் தந்த கைகளுக்குச் சேர வேண்டிய பங்கு அது.